ஓம் என்பது பதில் அல்ல

இரத்மலானை விமானப் பயிற்சிக் கூடத்தில் இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலில் என் அனுதாபங்கள். வாழ்த்துகளை உங்கள் மாமாமாரும் அன்ரிமாரும் ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பார்கள். நீங்கள் விமானத்தின் முன்னால் நின்று எடுத்த படம் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் ரொறன்ரோ வரை போய்த் திரும்பியிருக்கும். அதில் பாதிப் பேர் உங்களை இப்போதே 'கப்டன்' என்று கூப்பிடத் தொடங்கியிருப்பார்கள். என்னை முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குப் பதினாறு வயது. விமானம் ஓட்ட என்னிடம் இருந்த ஒரே தகுதி, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி.

நான் ஓய்வு பெற்றவன். எஞ்சின் தீப்பற்றி, ஒற்றைச் சிறகோடு கடலில் இறக்கி, பதக்கம் வாங்கி ஓய்வு பெற்றவன் என்று நீங்கள் நினைத்தால் அதை மறுத்து உங்கள் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் உண்மை இதுதான்: இருபது வருடங்களுக்கு மேல் பறந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவப் பரிசோதனையில் என் இரத்தத்தில் இருந்த சீனியின் அளவைப் பார்த்த டொக்டர் இரண்டாவது தடவையும் ஊசி குத்திப் பார்த்தார். பருவமழை மேகங்களால் முடியாததை கொழும்பு வெள்ளவத்தையின் இனிப்புக் கடைகள் செய்து முடித்தன. என்னைத் தரையிறக்கியது ஒரு தட்டு லட்டு.

"புதுப் பிள்ளைகளுக்கு உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ, ஊக்கமா இருக்கும்" என்று பயிற்சிக் கூடத்தார் கேட்டார்கள். ஊக்கத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். முதல் தனிப்பறப்பில், சக்கரம் நிலத்தை விட்டு எழும்ப முன்பே, பெரும் பிழை விட்ட சாதனை மட்டும்தான் என்னிடம் உண்டு. வேண்டுமானால் அதைத் தருகிறேன்.

அதற்கு முன், உங்கள் தம்பி தங்கைகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ "பைலட் ஆக இப்பவே என்ன செய்ய வேணும்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுங்கள். நான் முதலில் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். பிறகு தோள் அசையாமல் நடக்கப் பழகினேன். பிறகு எங்கள் தொடர்மாடி முழுவதற்கும் அறிவித்தேன். பிறகு சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் டொக்டரிடம் போனேன்.

அந்த டொக்டர் ஹெவ்லொக் டவுனில் இருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி. நான் அவருடைய அறைக்குள் கண்ணாடியோடு நுழைந்தேன்.

"கண்ணாடி எதுக்கு மகன்?"

"வெளிச்சம் கூட, டொக்டர்."

"இந்த ரூமுக்கு ஜன்னலே இல்லியே."

கழற்றினேன். நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் இலக்கங்களைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது: இந்தப் புள்ளிகளுக்குள் ஒன்றும் தெரியாமல் போனால் நான் மூன்று மாடிக்கு என்ன பதில் சொல்வது? எப்படியோ தெரிந்தன. எனக்குத் தெரிந்த ஒருவனுக்குத் தெரியவில்லை; அவனும் என்னைப் போலவே கடைசியாகத்தான் போயிருந்தான். ஆகவே முதலில் கண், காது, இதயம். மூக்குக் கண்ணாடி போட்டவர்களும் பறக்கலாம். பயந்து பரிசோதிக்காமல் இருப்பவர்கள்தான் பாவம். பிறகு கணிதமும் பௌதிகமும். அதோடு ஆங்கிலம். உச்சரிப்புக்காக இல்லை, ஒருவர் சொன்னதை அப்படியே விளங்கிக்கொள்வதற்காக. பதினாறு பதினேழில் மாணவர் அனுமதி, பதினெட்டுக்குப் பிறகு, ஏறத்தாழ இருநூறு மணித்தியாலம் பறந்தபின், தொழில் அனுமதி. இதெல்லாம் எந்த இணையத்தளத்திலும் இருக்கிறது. நான் சொல்லப்போவது எதிலும் இல்லை.

ஒரு வெள்ளவத்தைப் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வீட்டிலிருந்து கொண்டுவரும் மிக ஆபத்தான பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஓம்'.

அகராதியில் ஓம் என்றால் சம்மதம். கோயிலில் மந்திரம். எங்கள் வீட்டில் அது இரண்டும் இல்லை, வெறும் சத்தம். மின்விசிறி சுற்றும்போது ஒரு சத்தம் வருமே, அதுபோல, ஆள் கதை கேட்கும்போது வரும் சத்தம். 'நீ இன்னும் கதைக்கிறாய், நான் இன்னும் போனை வைக்கவில்லை' என்பதுதான் அதன் முழுப் பொருள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா எடுப்பார். அம்மா கூடத்து மூலையில், சுருள் வயர் தொங்கும் ரெலிபோனோடு உட்கார்ந்துவிடுவார். "ஓம்... ஓமக்கா... ஓம் ஓம்... ஓமோம்..." ஒரு மணித்தியாலம் ஓடும். வைத்த பிறகு, "பெரியம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டால், "ஒண்டும் இல்லை, சும்மா கதைச்சனாங்கள்" என்பார்.

இந்த வளத்தைப் பயன்படுத்தாமல் விட நான் என்ன முட்டாளா?

அப்பா அப்போது டோஹாவில் வேலை. பதினெட்டு வயது ஆகாத மாணவன் தனியாகப் பறப்பதென்றால் பெற்றோரில் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் பயிற்சிக் கூடத்தில் விதி இருந்தது. அம்மாவைப் பொறுத்தவரை நான் இரத்மலானைக்குப் போவது ஒரு வகுப்புக்கு. கரும்பலகை இருக்கும், வாங்கு இருக்கும், விமானம் யன்னலுக்கு வெளியே எங்கேயோ நிற்கும். பல வருடம் படித்து முடித்த பிறகு, மீசை நரைத்த ஒருவருக்குப் பக்கத்தில், என்னை மெதுவாக ஏற்றுவார்கள். அந்தப் படத்தை நான் திருத்தவில்லை. ஒரு ஞாயிறு ஐந்தேகாலுக்கு, கடிதத்தையும் பேனாவையும் கொண்டு ரெலிபோனடிக்குப் போனேன்.

"அம்மா, அடுத்த கிழமை தனியப் பிளேன் ஓட்டப் போறன். இதில ஒரு கையெழுத்து."

"ஓம்... ஓம் ஓம்... அவவின்ரை மூத்தவளோ அக்கா?... ஓம்..." என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

பாருங்கள், நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லும் மறைக்கவில்லை. சட்டத்தரணியாகப் போயிருக்க வேண்டிய ஆள்.

எனக்குப் பறக்கச் சொல்லித் தந்தவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், 'என்னப் பத்தி எழுதச் சொல்லி எவன் கேட்டான்' என்று கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி வந்து ஏசிவிட்டுப் போகக்கூடியவர். குட்டையான மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுத, மற்றது எங்கள் விரலில் தட்ட. முதல் நாள், மேலே பறந்துகொண்டிருக்கும்போதே, எனக்கும் அவருக்கும் தகராறு வந்துவிட்டது.

"ஐநூறு அடி கொறச்சு எறங்கு."

"ஓம் சேர்."

"என்னா ஓம்?"

"ஓம்... சரி எண்டு, சேர்."

"கோயிலுக்கா வந்திருக்க? ஒங்க வெள்ளவத்த ஆளுகளுக்கு ஓம்னு சொன்னா வேல முடிஞ்சிருச்சு. இங்க நான் சொன்னத நீ திருப்பிச் சொல்லணும். அப்பதான் என் வாயில வந்ததும் ஓங் காதுல விழுந்ததும் ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியும். வெளங்குதா?"

"ஓம் சேர்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே கடல் அமைதியாக இருந்தது. அவர்தான் அமைதியாக இல்லை.

நாளாக நாளாக ஓமை நிறுத்தினேன். அதாவது, நிறுத்தியதாக நினைத்தேன். நடந்தது என்னவென்றால், வானொலியில் எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்லும் 'ரோஜர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் சொன்னது கிடைத்தது என்பதற்கு அது போதும். அதைச் செய்வேன் என்பதற்கோ, என்ன கிடைத்தது என்பதற்கோ போதாது. ஆனால் சொல்ல நல்ல சொல். வாய்க்கு எடுப்பாக இருக்கும். ரோஜர் என்பது கறுப்புக் கண்ணாடி போட்ட ஓம். அதை நான் அப்போது அறியவில்லை.

தனிப்பறப்பு ஒரு சனிக்கிழமை காலை. அவரோடு மூன்று சுற்று நன்றாகவே போனது. நான்காவதுக்கு முன் விமானத் தரிப்பிடத்தில் நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கினார். "ஒரு சுத்து. எறங்கு. வா. புதுசா ஒண்ணும் செய்யாத" என்றார். கையில் ஒரு சின்ன வானொலியோடு புல்லில் போய் நின்றார்.

பக்கத்து ஆசனம் காலியாக இருந்தால் இரண்டு பேர் ஏறும் விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று உங்களுக்கு விரைவில் விளங்கும். நான் உருட்டிக்கொண்டு ஓடுபாதையை நோக்கிப் போனேன். ஓடுபாதைக்கு முன் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் உள்ளே வா என்று சொல்லும்வரை அதைத் தாண்டக்கூடாது. அதற்கு முந்திய பத்து நாளும் நான் அந்தக் கோட்டடிக்குப் போனபோதெல்லாம் 'உள்ளே வந்து நில்' என்றே சொல்லியிருந்தார்கள். அன்று கோபுரத்திலிருந்து தெளிவான, அழகான ஆங்கிலத்தில் வந்தது இது: கோட்டுக்கு முன்னால் நில், ஒரு விமானம் இறங்குகிறது.

"ரோஜர்" என்றேன்.

என் காது அதைக் கேட்டது. ஆனால் என் மண்டை பத்து நாளாகப் பாடமாக்கி வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டது. விமானம் மெல்ல உருண்டது.

திருப்பிச் சொல்லாததைக் கோபுரம் உடனே பிடித்துவிட்டது. "கோட்டுக்கு முன்னால் நிற்பதை உறுதிப்படுத்து" என்று வந்தது.

அதற்கும் நான் "ரோஜர்" என்றேன். இதை நான் பெருமையோடு சொல்லவில்லை. இரண்டு ரோஜர். இரண்டாவதை இன்னும் கொஞ்சம் கம்பீரமாகச் சொன்னதாகவும் நினைவு.

மூன்றாவது தடவை வந்தது ஒரே சொல்: நில்.

இரண்டு காலாலும் மிதித்தேன். முன்சக்கரமும் மூக்கும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், வாலும் நானும் இந்தப் பக்கம். கடல் பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாண விமானத்துக்குக் கோபுரம் மேலே போகச் சொன்னது. அவ்வளவு கிட்ட, அவ்வளவு தாழ்வில் இருந்து ஒரு விமானம் முழு எஞ்சினையும் முறுக்கிக்கொண்டு எழும்பும் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதன் வயிற்றில் இருந்த சக்கரங்கள் உள்ளே மடிவதைப் பார்த்தேன். அதற்குள் இருக்கும் ஒருவரும் என் பெயரை அறியார் என்பதுதான் எனக்கு முதலில் வந்த ஆறுதல். வெட்கக்கேடான ஆறுதல்தான். அதுவும் ஒரு நாளைக்குத்தான் தாங்கியது.

தரிப்பிடத்துக்குத் திரும்பி எஞ்சினை நிறுத்தினேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "எறங்கு" என்றார். "எறங்குறேன் சேர்" என்று திருப்பிச் சொன்னேன். அன்று நான் ஒழுங்காகத் திருப்பிச் சொன்ன ஒரே கட்டளை அதுதான்.

"என்னா நடந்ததுன்னு எழுதி, திங்கக்கெழம கொண்டு வா. வயசு பத்தாது, அதனால ஒன் அம்மாவும் கையெழுத்து வெக்கணும். நீ மறுபடி பறக்குறதா இல்லியான்னு அதப் பாத்துத்தான் சொல்லுவேன்."

பயிற்சிக் கூட வாசலில், என்னோடு படித்த சிங்களப் பொடியன் ஒருவன் தோளில் கை போட்டான். "மச்சங், ரேடியோ எக்க அவுல் கியலா லியபங்" என்றான். வானொலி குழப்பம் என்று எழுது, அவ்வளவுதானே. நல்ல மனம் கொண்டவன். அவனுடைய அறிவுரையை அன்று பின்னேரமே நிறைவேற்றினேன். ஒரு பக்கம் நிறைய எழுதினேன். 'இரைச்சல்', 'தெளிவின்மை', 'தொழில்நுட்பக் கோளாறு' என்று, பரீட்சையில் எழுதியிருந்தால் சிறப்புச் சித்தி கிடைத்திருக்கக்கூடிய தமிழ். நாளைக்கு ஞாயிறு. ஐந்து மணிக்குப் பெரியம்மா எடுப்பார். மிச்சத்தை ரொறன்ரோ பார்த்துக்கொள்ளும்.

ஞாயிறு நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடிக் குணம் அன்ரி. ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தவர். கையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை. பழங்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கன்றிப் போயிருந்தது.

"இவனுக்கெண்டுதான் கொண்டு வந்தனான்" என்றார் அன்ரி. "பிளேன் படிக்கிற பிள்ளை. ஆனா என்ன, எல்லாம் அடிபட்டுப் போச்சு. நேற்று நான் செத்துப் பிழைச்சு வந்து நிக்கிறன், தெரியுமே உனக்கு?"

அம்மா எனக்கு ஒரு பழத்தை வெட்டித் தந்துவிட்டு உட்கார்ந்தார். "ஓம்?"

"இறங்கப் போறம் எண்டு பெல்ட்டும் போட்டாச்சு. சக்கரம் நிலத்தில படுகிற நேரம் பார்த்து, பிளேன் அப்பிடியே மேல எழும்பினது பார். என்ரை மடியில இருந்த மாம்பழம் எல்லாம் பின்னுக்கு உருண்டு போச்சு. பக்கத்தில இருந்த பிள்ளைத்தாய்ச்சி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறாள். நான் பிள்ளையாரப்பா எண்டு கத்துறன்."

"ஓம்... ஓம்..."

"ஆரோ ஒரு விசரன் பெரிய பிளேனைக் கொண்டுவந்து ரன்வேயில குறுக்கால விட்டிட்டு நிண்டவனாம். எங்கட பிளேன் அவன்ரை தலையில முட்டாமல் போனதே பெரிய காரியம்."

என்னுடையது சின்ன விமானம், குறுக்கே நிற்கவில்லை, மூக்கு மட்டும்தான், என் தலைக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி இருந்தது – இவ்வளவு திருத்தமும் என் தொண்டை வரை வந்து, அங்கே இருந்த மாம்பழத் துண்டோடு நின்றுவிட்டது.

"உப்பிடியானவங்களை ஆர் பிளேன் ஓட்ட விடுறது?" என்றார் அன்ரி. "தாய்க்காரி என்ன செய்துகொண்டு இருந்தவவோ."

"ஓம் ஓம்" என்றார் அம்மா. "ரெலிபோனில இருந்திருப்பா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

அன்ரி போய்விட்டார். ஐந்து மணிக்கு ரெலிபோன் அடித்தது. நான் எழுதிவைத்த கடிதத்தோடும் பேனாவோடும் போய் நின்றேன். பழக்கப்பட்ட வழிதானே.

"அம்மா, இதில ஒரு கையெழுத்து."

"ஓம்... ஓமக்கா... ஓம்..." பேனாவை வாங்கினார். கடிதத்தை ரெலிபோன் மேசையில் வைத்து, பார்க்காமலே, பெயரின் முதல் எழுத்தை எழுதத் தொடங்கினார்.

நேற்றுக் காலை நான் அந்தக் கோட்டில் எப்படி இருந்திருப்பேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதே மாதிரி. கை தன் பாட்டில் வேலை செய்கிறது. வாய் தன் பாட்டில் ஓம் சொல்கிறது. நடுவில் ஆளில்லை. அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் கையையும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அம்மா இனி என்னை விமானத்தின் பக்கமே விடமாட்டார். சொல்லாவிட்டால் திங்கட்கிழமையே பறக்கலாம். இவ்வளவும் ஒரு எழுத்து எழுதி முடிகிற நேரத்துக்குள்.

கடிதத்தை இழுத்தேன். பேனா ஒரு நீளக் கோட்டைக் கீறிக்கொண்டு மேசைக்குப் போனது.

"அம்மா, போனை வையுங்கோ."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்தார். என் நினைவில் பெரியம்மாவின் கதை பாதியில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். தனிப்பறப்புக்கு வாங்கிய முதல் கையெழுத்திலிருந்து தொடங்கினேன். சொல்லி முடியும்வரை அம்மாவிடமிருந்து ஒரு ஓமும் வரவில்லை. அவர் என்னை முழுதாகக் கேட்கிறார் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. பயமாக இருந்தது.

"தனியவோ நீ இருந்தனீ?"

"ஓம்."

"பக்கத்தில ஒருத்தரும் இல்லாமல்?"

"ஓம்."

"அண்டைக்கு நான் கையெழுத்து வைச்சது இதுக்கோ?"

"ஓம்."

மூன்றும் உண்மையான ஓம். என் சேமிப்பில் அவ்வளவுதான் இருந்தன.

அம்மா கையை நீட்டினார். "அந்த மாம்பழத் தட்டை இஞ்சை தா. அது உனக்கில்லை."

திங்கட்கிழமை அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு காலி வீதியில் பஸ் ஏறினார். நான் புதிதாக எழுதியது மூன்றே வரி: நில் என்று சொன்னது காதில் விழுந்தது. விளங்கியதா என்று பார்க்காமல் இரண்டு தடவை ரோஜர் சொன்னேன். வானொலி நன்றாக இருந்தது.

கொட்டாஞ்சேனைக்காரர் வாசித்தார். முதலில் வேறொரு பக்கம் எழுதியிருந்ததையும் சொன்னேன்; அதையும் கேட்டு வாங்கி வாசித்தார். அதிலிருந்த தமிழை மெச்சினார் என்றே நினைக்கிறேன்.

"இது வந்திருந்தா அந்த ரேடியோவக் கழட்டி ரெண்டு மூணு நாள் தேடியிருப்பாங்க" என்றார். "அதுக்குள்ள ஒண்ணும் இருந்திருக்காது. கோளாறு இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு, அடுத்த சனிக்கெழம மறுபடி பறக்கப் போயிருக்கும்."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒரு விசயம் நானும் சொல்லணும்மா. இவனோட மொதல் கடிதம் வந்தப்ப நான் ஒங்களுக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கணும். கேக்கல்ல. கையெழுத்து இருந்திச்சு, சரின்னு வெச்சிட்டேன். அதுவும் ரோஜர்தான்."

ஒரு பிழையை எப்படி ஒப்புக்கொள்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அதை அன்று பார்த்தேன். அவர் தலை குனியவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. எத்தனை அடி இறங்கினோம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"இவன் இனி ஏறலாமோ?" என்று அம்மா கேட்டார்.

"மூணு கெழமைக்கு ஏற மாட்டான். புல்லுல நின்னு, இந்த ரேடியோவக் கேட்டு, மத்தவனுக்குச் சொல்ற ஒவ்வொண்ணையும் வாய் விட்டுத் திருப்பிச் சொல்லுவான். அதுக்கப்புறம் ஏறலாம்ங்கிறது என்னோட முடிவு. ஒங்க முடிவு ஒங்களோடது."

அம்மா கடிதத்தை என் கையில் தந்தார். "வாசி."

வாசித்தேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

"நீ நிக்கச் சொன்ன இடத்தில நிக்கேல்லை. குணம் இருந்த பிளேன் திரும்பி மேல போனது. பிழை உன்னில, ரேடியோவில இல்லை. மூண்டு கிழமை நிலத்தில நிப்பாய். பிறகு தனியப் பறப்பாய். அப்பிடியோ?"

அவர் வாயிலிருந்து அது வரிசை பிசகாமல் வந்தது. கொட்டாஞ்சேனைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, நீங்க பறக்க வாறீங்களா? ஒரு எடம் காலியா இருக்கு."

அம்மா சிரிக்கவில்லை. கையெழுத்து வைத்தார். முழுப் பெயர், ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து.

மூன்று கிழமை புல்லில் நின்றேன். வெயிலில், மழையில், எனக்குச் சொல்லாத கட்டளைகளை எல்லாம் நான் திருப்பிச் சொன்னேன். அங்கே புல் வெட்டுகிற ஐயா கொஞ்ச நாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பிறகு எனக்குக் கிட்ட வராமல் வெட்டப் பழகிக்கொண்டார். இருபது வருடத்தில் நான் எத்தனையோ பேரோடு பறந்தேன், கெட்டிக்காரர்களோடும் வாய்க்காரர்களோடும். யாராவது நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினால், எனக்கு அந்த மாம்பழம் தொண்டையில் நிற்கும். நீங்கள் உங்கள் கப்டனிடம், கோபுரத்திடம், பொறியியலாளரிடம் வெட்கப்படாமல் 'திரும்பச் சொல்லுங்கோ' என்று கேளுங்கள். அதற்குச் சிரிப்பவர் சிரிக்கட்டும்.

அந்த மூன்று கிழமைக்குள் ஒரு தடவை, எங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் குணம் அன்ரி அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பிளேன் விசரனைப் பிடிச்சவங்களோ? இவன் அங்கைதானே போறவன், கேட்டுப் பார்க்கேல்லையே?"

"ஓம், கேட்டனான்" என்றார் அம்மா, கண் இமைக்காமல். "ஆரோ பாவம் ஒரு பொடியனாம். ரேடியோ பிழையாம்."

நான் பின்னால் காய்கறிப் பையோடு நின்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதைப் பற்றி ஒரு சொல் கதைத்தாலும் மூன்று கிழமை ஆறு கிழமையாகும் என்பது தெளிவாக இருந்தது. கதைக்கவில்லை. அறிக்கை வேறு, அன்ரி வேறு.

மூன்று கிழமை முடிந்த சனிக்கிழமை காலை, சப்பாத்தைக் கட்டிவிட்டு வாசலில் நின்றேன். கறுப்புக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டேன். அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, போறன்."

"என்ன போறன்? போயிட்டு வாறன் எண்டு சொல்லு."

"ஓம்" என்றேன், படியில் ஒரு கால் வைத்தபடி.

"ஓம் வேண்டாம்" என்றார் அம்மா. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அந்தப் படியை விட்டு அசையவில்லை. "சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"போயிட்டு வாறன்" என்றேன்.